கோட் ஓடுது, ஆனா யாருடையது? புரோகிராமிங் கற்பதில் நேர்மையும் விடாமுயற்சியும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கப்போறோம். புரோகிராமிங் கத்துக்கிற நிறைய பேர் இதை வேற வேற வார்த்தையில கேட்கிறீங்க. "வேலையில இருக்கிற எல்லாருமே நெட்ல இருந்து கோட் எடுத்துத்தானே போடுறாங்க? அப்புறம் அசைன்மென்ட்ல நான் எடுத்தா மட்டும் ஏன் அது காப்பி?"

நியாயமான கேள்விதான். கட்டுரைப் போட்டியில அடுத்தவர் எழுதின பத்தியை எடுத்து ஒட்டினா அது திருட்டுன்னு எல்லாருக்கும் தெரியும். புரோகிராமிங்ல நிலைமை வேற. இங்கே அடுத்தவர் எழுதின நிரலைப் பயன்படுத்துறதுதான் தொழிலோட அன்றாடமே. லைப்ரரின்னு நாம சொல்றதே யாரோ எழுதி வெச்ச கோட்தான். அதனால "காப்பி அடிக்காதே"ன்னு ஒரே வரியில சொல்லி முடிச்சிட முடியாது. எல்லை எங்கே இருக்கு, ஏன் அங்கே இருக்குன்னு பார்க்கணும்.

அதுக்கு நான் எடுத்துக்கப்போற உதாரணம் சிஎஸ்50. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் அது. 2007ல இருந்து பேராசிரியர் டேவிட் மாலன் நடத்துறார். அதே பாடம் இணையத்துல இலவசமா கிடைக்கிறதால உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க, சிலர் பாதியில விட்டிருப்பீங்க. நான் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதோட பேர் இல்ல. காப்பி விஷயத்துல என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாதுன்னு இவ்வளவு விரிவா எழுதி வெச்சிருக்கிற பாடங்கள் குறைவு.

காட்டலாம், பார்க்கக் கூடாது

சிஎஸ்50ன் விதிமுறையின் அடிப்படை எளிமையானது. நீங்கள் சமர்ப்பிக்கும் வேலையின் சாரம் உங்களுடையதாக இருக்க வேண்டும். சக மாணவரோடு கணக்கைப் பற்றிப் பேசலாம். போர்டில் படம் வரைந்து, பேச்சு மொழியில் படிப்படியாக எழுதி விவாதிக்கலாம். நெட்டில் கிடைத்த இரண்டு மூன்று வரிகளைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரிகளே கேட்கப்பட்ட கணக்கின் விடையாக இருக்கக் கூடாது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடவும் வேண்டும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விதி இருக்கு. உதவி கேட்கும்போது உங்க கோட் முழுக்க அடுத்தவர்கிட்ட காட்டலாம். ஆனா அவரோட கோட் நீங்க பார்க்கக் கூடாது. ஒருவழிப் பாதை மாதிரி.

ஏன் இப்படி? உங்க கோட் நண்பர் பார்த்தா, "இந்த லூப் ஒரு சுத்து அதிகமா சுத்துது பாரு"ன்னு சொல்லுவார். தப்பு உங்க யோசனைக்குள்ள இருக்கு, திருத்தறதும் உங்க யோசனைதான். அவரோட கோட் நீங்க பார்த்தா, உங்க யோசனை அந்த நிமிஷமே நின்னுடும். அதுக்கப்புறம் நீங்க யோசிக்கிறதெல்லாம் அவர் யோசிச்ச வழியிலதான் போகும். ஒருதடவை பார்த்த விடையைப் பார்க்காத மாதிரி ஆக்க முடியாது.

மேரியோ பிரமிடு

ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். சிஎஸ்50ல முதல் வாரங்கள்லயே வர்ற ஒரு பயிற்சி இருக்கு. சூப்பர் மேரியோ கேம்ல வர்ற படிக்கட்டு மாதிரி, # குறியை வெச்சு வலப்பக்கம் ஒட்டின ஒரு பிரமிடு அச்சடிக்கணும். உயரம் 4ன்னா, முதல் வரிசையில ஒரு #, அடுத்ததுல ரெண்டு, அப்புறம் மூணு, கடைசியில நாலு.

விடையைப் பார்த்தா பத்துப் பன்னிரண்டு வரிதான். "ஓ, லூப்புக்குள்ள லூப். அவ்வளவுதானா?"ன்னு தோணும். புரிஞ்ச மாதிரியே இருக்கும்.

நீங்களே உட்கார்ந்து யோசிச்சா என்ன நடக்கும்? முதல்ல # மட்டும் அச்சடிப்பீங்க. பிரமிடு இடப்பக்கம் ஒட்டிக்கிட்டு வரும். அப்பதான் ஒண்ணு புலப்படும்: கண்ணுக்குத் தெரியாத இடைவெளியையும் நாமதான் அச்சடிக்கணும். சரி, எத்தனை இடைவெளி? ஒரு பேப்பர்ல போட்டுப் பார்ப்பீங்க. முதல் வரிசையில 3, ரெண்டாவதுல 2, மூணாவதுல 1, நாலாவதுல 0. உயரத்துல இருந்து வரிசை எண்ணைக் கழிச்சா இடைவெளி. ரன் பண்ணினா முதல் வரிசை காலியா வரும். ஏன்? எண்ணிக்கையை 0ல இருந்து தொடங்கியிருப்பீங்க. அதைத் திருத்துவீங்க.

இந்த ஒரு மணி நேரத்துல உங்களுக்குக் கிடைச்சது பிரமிடு இல்ல, பிரமிடு யாருக்கும் வேண்டாம். ஒரு வடிவத்தைப் பார்த்து அதுக்குள்ள இருக்கிற எண் ஒழுங்கைக் கண்டுபிடிக்கிற பழக்கம் கிடைச்சது. ஒண்ணு கூட, ஒண்ணு குறையன்னு வர்ற தப்பை மோப்பம் பிடிக்கிற மூக்கு கிடைச்சது. நேர்புள்ளிக்குப் பதிலா ஊடுபுள்ளி வெச்சுக் கோலம் போடுறவங்களுக்கு எந்த வரிசையில எத்தனை புள்ளி குறையும்னு கை தானா சொல்லும். அது பக்கத்து வீட்டு வாசலைப் போட்டோ எடுத்து வந்த அறிவு இல்ல. போட்டு, அழிச்சு, மறுபடி போட்டு வந்தது.

காப்பி அடிச்சவருக்கும் மார்க் வரும். ஆனா அடுத்த வாரப் பாடம் இந்த வாரம் கிடைச்சிருக்க வேண்டிய பழக்கத்து மேலதான் நிக்கும். அது இல்லைன்னா அடுத்த வாரமும் காப்பி அடிச்சே ஆகணும். அதனாலதான் ஒருதடவைன்னு தொடங்கினது செமஸ்டர் முழுக்க நீளுது.

மாட்டுவது எப்படி?

"வேரியபிள் பேரையெல்லாம் மாத்திட்டா யாருக்குத் தெரியும்?" இதையும் கேட்கிறீங்க. தெரியும். எப்படின்னு சொல்றேன், ஏன்னா இதுவே ஒரு அழகான அல்காரிதம்.

மாஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நிரல்களுக்கு இடையே உள்ள ஒற்றுமையை அளப்பது அதன் வேலை. 1994ல் அலெக்ஸ் ஐகன் உருவாக்கியது. உலகின் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. அது முதலில் உங்கள் நிரலில் உள்ள இடைவெளி, வேரியபிள் பெயர் போன்ற மேற்பூச்சை எல்லாம் உரித்துவிடும். "மொத்தம்" என்று பெயர் வைத்தாலும் "கூட்டுத்தொகை" என்று பெயர் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். மீதமுள்ள எலும்புக்கூட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வெட்டும். ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக மாற்றும். அந்த எண்களில் சிலவற்றை மட்டும் ஒரு விதிப்படி பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளும். அதுதான் உங்கள் நிரலின் கைரேகை. இப்படிப் பொறுக்கும் முறைக்கு வின்னோயிங் என்று பெயர். தமிழில் சொன்னால் முறத்தில் புடைப்பது. பதர் போய் நெல் நிற்கும். இதை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2003ல் வெளியானது.

ஃபங்ஷன்களின் வரிசையை மாற்றி வைத்தாலும் துண்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆசிரியர் எல்லோருக்கும் கொடுத்த தொடக்க நிரலையும், வகுப்பில் நிறையப் பேரிடம் பொதுவாக இருக்கும் பகுதிகளையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடவும் அதில் வழி உண்டு.

ஆனா ஒண்ணு முக்கியம். மாஸ் யாரையும் திருடன்னு சொல்றதில்ல. இந்த ரெண்டும் இவ்வளவு ஒத்துப்போகுது, இந்த வரிகளைப் பாருங்கன்னு மட்டும்தான் காட்டும். முடிவெடுக்கிறது மனுஷங்க. அதனால நேர்மையா எழுதினவங்க பயப்பட வேண்டியதில்ல. எழுதின வழியில சேமிச்சு வெச்ச பழைய பதிப்புகள், அரைகுறை முயற்சிகள் எல்லாமே உங்க பக்கத்து சாட்சி. அழிக்காம வெச்சுக்கோங்க.

72 மணி நேரம்

மாட்டுறது, தண்டனை, இதெல்லாம் பயமுறுத்துற பக்கம். 2014ல் சிஎஸ்50 வேறு ஒரு பக்கத்தையும் சேர்த்தது. அதற்கு "வருத்தப் பிரிவு" என்று பொருள்படும் பெயர். தவறு செய்துவிட்ட ஒரு மாணவர் 72 மணி நேரத்துக்குள் தானாகவே வந்து பாடத்தின் பொறுப்பாளர்களிடம் சொன்னால், தண்டனை பாடத்தோடு முடிந்துவிடும். அந்த அசைன்மென்ட்டுக்கு மார்க் இல்லாமல் போகலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு விஷயம் போகாது. மறுபடி மறுபடி செய்தால் மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது.

இது எதுக்கு? காப்பி அடிக்கிறவங்க எல்லாரும் திட்டம் போட்டு அடிக்கிறதில்லங்கிறதுதான் இதுக்குப் பின்னாடி இருக்கிற புரிதல். ராத்திரி மணி ஒண்ணு. டெட்லைன் நெருங்குது. தூக்கம் இல்ல. அந்தப் பதற்றத்துல எடுக்கிற முடிவு அது. காலையில எழுந்ததும் நெஞ்சு உறுத்தும். ஆனா அப்போ சொன்னா பட்டம் போயிடுமோங்கிற பயத்துல வாயை மூடிக்குவாங்க. ஒரு பொய்யைக் காப்பாத்த இன்னொண்ணு. அந்த இடத்துல ஒரு கதவைத் திறந்து வெச்சா சிலர் திரும்பி வருவாங்க.

இதனால காப்பியே ஒழிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. 2016 செமஸ்டர்ல மட்டும் அந்தப் பாடத்துல இருந்து 60க்கும் மேற்பட்ட மாணவர்கள் பல்கலைக்கழகத்தோட நேர்மைக் குழு முன்னாடி போனதா 2017ல செய்தி வந்தது. மனுஷ மனசு ஒரு விதியால மாறிடாது. ஆனாலும் நம்ம ஊர்க் கல்லூரிகள்ல லேப் ரெக்கார்டை வரிக்கு வரி பார்த்து எழுதுறது சாதாரணமா நடக்கிற நிலைமையில, கண்டுக்காம விடுறதுக்கும் வெளியே அனுப்புறதுக்கும் நடுவுல இப்படி ஒரு மூணாவது வழி இருக்குன்னு தெரிஞ்சுக்கிறது நல்லது.

ஏஐகிட்ட கேட்டா?

இப்போ பக்கத்து பெஞ்ச் நண்பர் தேவையில்ல. சாட்ஜிபிடி இருக்கு. மாஸ் மாதிரியான கருவிக்கு ஒப்பிட இன்னொரு மாணவரோட கோட்கூட இருக்காது. மாட்டுற வாய்ப்பு குறைவு. அப்போ என்ன நஷ்டம்?

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குப் புத்தகமும் நோட்ஸும் மட்டும். இன்னொரு குழுவுக்குச் சாதாரண சாட்பாட். மூன்றாவது குழுவுக்கு விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி அமைக்கப்பட்ட சாட்பாட். பயிற்சி நேரத்தில் சாட்பாட் வைத்திருந்த இரு குழுவும் முன்னே போயின. சாதாரண சாட்பாட் குழு 48 சதவீதம் கூடுதல். துப்பு கொடுக்கும் சாட்பாட் குழு 127 சதவீதம் கூடுதல். பிறகு சாட்பாட்டை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட்பாட் பயன்படுத்தியவர்கள், சாட்பாட்டையே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். துப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

இது கணிதம், புரோகிராமிங் இல்லங்கிறதை ஞாபகம் வெச்சுக்கணும். ஆனா நிலைமை அப்படியே நம்ம நிலைமைதான். கையில ஊன்றுகோல் இருக்கும்போது எவ்வளவு வேகமா நடக்கிறோம்ங்கிறது, அது இல்லாதப்போ நடப்போமான்னு சொல்லாது.

சிஎஸ்50 இதையும் கவனிச்சது. சாட்ஜிபிடி மாதிரியான கருவிகளை அசைன்மென்ட்டுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டு, 2023ல தன்னோட சொந்த ஏஐ உதவியாளரைக் கொண்டுவந்தது. அது ஒரு ரப்பர் வாத்து! உங்களை விடை நோக்கி நடத்திட்டுப் போகும், விடையைத் தட்டுல வெச்சு நீட்டாது. ஏன் வாத்து? 1999ல வந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகத்தால பிரபலமான பழக்கம் அது. மேசையில ஒரு ரப்பர் வாத்தை வெச்சுக்கிட்டு, உங்க கோட் என்ன செய்யுதுன்னு வரிவரியா அதுக்கு விளக்கணும். பாதி விளக்கும்போதே தப்பு உங்களுக்கே தெரிஞ்சிடும். வாத்து ஒரு வார்த்தை பேசாது.

புரிஞ்ச மாதிரி இருக்கும்

இங்கே நிறைய பேர் ஏமாறுற ஒரு இடம் இருக்கு. "நான் காப்பி மட்டும் அடிக்கல, படிச்சுப் புரிஞ்சுக்கிட்டுத்தான் போட்டேன்" என்பாங்க. பொய் சொல்லல. நிஜமாவே அப்படித்தான் தோணும்.

2006ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் மூடிவிட்டு எழுதியவர்கள் முன்னே இருந்தார்கள்.

நீச்சல் வீடியோ பார்க்கும்போது நீச்சல் ரொம்ப சுலபம். கோட் படிச்சுப் புரியறதுக்கும் வெறும் திரையில முதல் வரி எழுதுறதுக்கும் அதே தூரம்தான். உங்களுக்கு நிஜமா புரிஞ்சுதான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. விடையை மூடிட்டு, மறுநாள் காலையில முதல்ல இருந்து எழுதிப் பாருங்க. ஓடினா உங்களுடையது.

விடாமுயற்சின்னா என்ன?

சரி, நேர்மையா உட்கார்ந்தாச்சு. ஓடல. மூணு மணி நேரம் ஆச்சு. "எனக்கு இது வராது போல"ன்னு தோணும். இந்த நேரத்துக்குத்தான் ஒருத்தரைப் பத்திச் சொல்றேன்.

மாரிஸ் வில்க்ஸ். கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர். 1949 மே மாதம் அது முதன்முதலாக ஓடியது. அடுத்த சில வாரங்களில், தான் எழுதிய நிரலைச் சரிசெய்ய மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. தன் வாழ்க்கையில் மிச்சமிருக்கும் காலத்தில் பெரும் பகுதி, தன் நிரலில் தானே செய்த தவறுகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது! இதை அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து நாடா ஒன்று பின்னாளில் கிடைத்தது. நூறு வரிக்குச் சற்றுக் கூடுதலான நிரல். அதில் ஏறத்தாழ இருபது பிழைகள்.

கம்ப்யூட்டரையே கட்டினவருக்கு அந்தக் கதி. அதனால எரர் வர்றது உங்க அறிவைப் பத்தின தீர்ப்பு இல்ல. அது வேலையோட ஒரு பாகம்.

ஆனா விடாமுயற்சின்னா நாலு மணி நேரம் திரையை முறைச்சுப் பார்க்கிறது இல்ல. அதே தப்பை முப்பது தடவை ரன் பண்றதும் இல்ல. மாட்டிக்கிட்டா என்ன செய்யலாம்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல எரர் மெசேஜை முழுசா படிங்க. எந்த வரின்னு பெரும்பாலும் அதுவே சொல்லும். அடுத்து, கணக்கைச் சுருக்குங்க. உயரம் 8 வரலைன்னா உயரம் 1 வருதா பாருங்க. மூணாவது, நடுநடுவே வேரியபிள் மதிப்பை அச்சடிச்சுப் பாருங்க. நீங்க நினைக்கிற மதிப்புதான் அங்கே இருக்கான்னு தெரியும். நாலாவது, வாத்துகிட்ட பேசுங்க. வாத்து இல்லைன்னா தண்ணி பாட்டில் போதும். அதுக்கப்புறமும் வரலைன்னா எழுந்து போங்க. டீ குடிங்க, தூங்குங்க. அப்பவும் வரலைன்னா ஆள்கிட்ட கேளுங்க. ஆனா "கோட் அனுப்பு மச்சி"ன்னு கேட்காதீங்க. "நான் இப்படி எதிர்பார்த்தேன், இப்படி வருது, இதெல்லாம் செஞ்சு பார்த்தேன், என் கோட் கொஞ்சம் பாரு"ன்னு கேளுங்க.

இதுல ஒரு முன்நிபந்தனை இருக்கு. சீக்கிரமா தொடங்கணும். கடைசி ராத்திரி தொடங்கினவருக்கு எழுந்து போய்த் தூங்குற வசதி கிடையாது. நேர்மை பெரும்பாலும் ராத்திரி ஒரு மணிக்கு எடுக்கிற முடிவு இல்ல. நாலு நாள் முன்னாடியே காலண்டர்ல எடுத்த முடிவு.

வேலையில மட்டும் எடுக்கலாமா?

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். ஆமா, வேலையில எடுக்கிறாங்க. ஆனா அங்கேயும் விதி இருக்கு. எடுத்த நிரலுக்கு என்ன லைசென்ஸ்னு பார்க்கணும். எங்கிருந்து வந்ததுன்னு குறிப்பு வைக்கிறது நல்ல பழக்கம். டீம்ல ரிவ்யூ பண்றவர் "இந்த வரி எதுக்கு?"ன்னு கேட்டா பதில் சொல்லணும். நடு ராத்திரி சர்வர் படுத்துட்டா அதை எழுப்ப வேண்டியவர் நீங்கதான். அங்கே உங்களுக்குச் சம்பளம் கோட் ஓடுறதுக்கு. எடுத்ததா, எழுதினதாங்கிறது ரெண்டாம் பட்சம்.

அசைன்மென்ட்ல நிலைமை தலைகீழ். அங்கே கோட் யாருக்கும் தேவையில்ல. மேரியோ பிரமிடு ஏற்கனவே லட்சக்கணக்குல எழுதப்பட்டிருக்கு. ஆசிரியருக்கு வேண்டியது அதை எழுதும்போது உங்க தலைக்குள்ள நடக்கிற மாற்றம் மட்டும்தான். வேலையில பொருள் முக்கியம், படிப்புல பொருளைச் செய்ற ஆள் முக்கியம். ஒரே செயல் ஒரு இடத்துல சரியாவும் இன்னொரு இடத்துல தப்பாவும் இருக்கிறது இதனாலதான்.

கடைசியா ஒண்ணு. இன்னிக்கு ராத்திரி டெட்லைன், கோட் பாதிதான் ஓடுதுன்னா, அந்தப் பாதியையே அனுப்புங்க. மேல ஒரு கமென்ட் போடுங்க: "இதுவரை வருது, இங்கே மாட்டிக்கிட்டேன், இதை முயற்சி பண்ணினேன்." பத்துக்கு ஆறு மார்க் வரலாம். உங்களுக்கு எங்கே புரியலைங்கிற தகவல் ஆசிரியருக்குக் கிடைக்கும். பத்துக்குப் பத்து வாங்கின காப்பி அவருக்குக் கொடுக்க முடியாத தகவல் அது.

உங்களுக்கு இதுல மாறுபட்ட கருத்து இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.